மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு உத்திரமேரூருக்கு

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போன பதிவின் கீழே கருத்து எழுதியவர்களும் அதையேதான் கேட்டிருந்தார்கள். எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு நேரம் ஆகும். பதில் இருக்கிறது, தருகிறேன். ஆனால் நான் முதல்முறை அந்த ஊருக்குப் போனது கல்வெட்டுப் பார்க்க அல்ல. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் கிருமி பார்க்கப் போனேன். அதுவும் உயிரோடு இருக்கும் கிருமி. அந்தக் கதையைச் சொல்லாமல் பஸ் நேரம் மட்டும் சொல்ல எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்பதுகளின் தொடக்கம், ஆடி மாதம். சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் அப்போது எனக்கு வேலை. விடுதியில் என் அறைத்தோழியாக இருந்த சரோஜா டாக்டராகி, உத்திரமேரூரில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டைக் கவனித்து வந்தாள். (அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. தேடிக்கொண்டு அலையாதீர்கள்.) அவளுடைய வார்டில் சிசேரியன் செய்த பெண்களுக்குத் தையல் போட்ட இடம் ஆறாமல் சீழ் பிடிக்கத் தொடங்கியது. பச்சையாகச் சீழ். ஒருத்திக்கு என்றால் ஏதோ போதாத காலம் எனலாம். அடுத்தடுத்துப் பலருக்கு வந்தது.

சரோஜா சும்மா இருக்கிறவள் இல்லை. சீழ், கிணற்றுத் தண்ணீர், சோப்பு, பஞ்சு, புண் கழுவும் லோஷன் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துச் சீசாவில் அடைத்து, பஸ்ஸில் ஆள் மூலம் எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். சீழில் மட்டும் கிருமி வளர்ந்தது. மற்ற எதிலும் வளரவில்லை. லோஷனைச் சாயம் போட்டுப் பார்த்தபோது சில கிருமிகள் தெரிந்தன. கிருமியைக் கொல்லும் மருந்துக்குள் செத்த கிருமி கிடப்பதில் என்ன அதிசயம் என்று என் மேலதிகாரி அதை ஒதுக்கிவிட்டார்.

பிறகு ஒரு நாள் சரோஜாவிடமிருந்து ட்ரங்கால். “ஒரு பொண்ணை மறுபடி மேஜையில ஏத்தித் தைக்கணும்டி. எங்கேயிருந்து வருதுன்னே தெரியாம ஊசியைத் தொட பயமா இருக்கு. நீ வந்து பாரு.” எதற்கும் பயப்படாதவள் பயம் என்று சொன்னது எனக்கு என்னவோபோல் இருந்தது.

நேரில் போய் என்ன பார்த்துவிட முடியும் என்று கேட்பீர்கள். சாயம் போட வேண்டுமென்றால் துளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, காய வைத்து, தீயில் காட்ட வேண்டும். அதற்குள் கிருமி செத்துவிடும். பிறகு எவ்வளவு கலராகத் தெரிந்தாலும் அது பிணம்தான். முன்பே செத்ததா, நாம் சாகடித்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சாயமே இல்லாமல், ஈரத் துளியில், உயிரோடு பார்க்க வேறு வழி உண்டு. மைக்ராஸ்கோப்பின் அடியில் இருட்புலக் கண்டென்சர் என்ற ஒரு லென்ஸ் தொகுதியைப் பொருத்தினால் வெளிச்சம் நேராக வராமல் பக்கவாட்டில் வந்து விழும். ஓட்டு வீட்டுக் கூரையில் இடுக்கு வழியாக வெயில் இறங்கும்போது அதுவரை தெரியாத தூசியெல்லாம் மினுங்குமே, அதேதான். பின்னால் ஒரே இருட்டு, நடுவில் கிருமி வெள்ளைப் பொட்டாக ஓடும். ஆனால் துளி புதிதாக இருக்க வேண்டும். ஆடி வெயிலில் அரை நாள் பஸ்ஸில் குலுங்கி வந்த துளியை நம்ப முடியாது. ஆகவே துளி வருவதற்குப் பதில் மைக்ராஸ்கோப் போவது என்று முடிவாயிற்று.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் பாரிமுனையில் காஞ்சிபுரம் பஸ் ஏறினேன். ஏறத்தாழ எழுபத்தைந்து கிலோமீட்டர், இரண்டரை மணி நேரம். அன்றைய டிக்கெட் விலையை எழுதிப் பயனில்லை, அந்தக் காசுக்கு இப்போது அரை டீகூடக் கிடைக்காது. மைக்ராஸ்கோப் அதன் மரப்பெட்டிக்குள், பெட்டி என் மடியில். கண்டென்சரை மட்டும் தனியாகப் பழைய பருத்திப் புடவையில் சுற்றிக் கைப்பையில் வைத்திருந்தேன். காஞ்சிபுரத்தில் நின்றுகொண்டே இரண்டு இட்லி தின்றுவிட்டு உத்திரமேரூர் பஸ் பிடித்தேன். முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதில்தான் கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

“இன்னாம்மா பொட்டி? தையல் மிஷினா?”

“மைக்ராஸ்கோப்.”

“அப்டீன்னா?”

“கண்ணுக்குத் தெரியாத கிருமியைப் பார்க்கிற கருவி.”

“கிருமி கண்ணுக்குத் தெரியாது, சரி. பொட்டி தெரியுதே” என்று சொல்லி லக்கேஜுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டார். மடியில் வைத்திருக்கிறதற்கு எதற்கு லக்கேஜ் என்று நான் சண்டை போட்டேன். பஸ் முழுக்கக் கேட்டுச் சிரித்ததே தவிர டிக்கெட் திரும்பவில்லை.

பாலாற்றில் மணல்தான் இருந்தது. மாகறல் தாண்டியதும் செய்யாற்றிலும் அதேதான். சாலைப் பள்ளம் ஒவ்வொன்றுக்கும் நான் பெட்டியை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துப் பிடித்து, உத்திரமேரூரில் இறங்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. எங்கோ அம்மன் கோயிலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிட நடை. சரோஜா வாசலிலேயே நின்றிருந்தாள், ஒரு சுற்று இளைத்திருந்தாள்.

வார்டைப் பார்த்ததும் எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. எங்கள் கல்லூரி ஆஸ்பத்திரியில் அப்படி ஒரு சுத்தத்தை நான் கண்டதில்லை. தரை பளபளவென்று இருந்தது. பஞ்சு, கத்தரிக்கோல், துணி எல்லாம் வேகவைத்து மூடியிருந்தன. அதையெல்லாம் கட்டிக் காப்பவர் கம்பவுண்டர் ஏகாம்பரம். காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, தறிக்குப் போகாமல் மருந்து கலக்க வந்தவர். ஐம்பது வயதிருக்கும், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சுற்று வட்டாரத்துக்கே காய்ச்சல் மருந்து அவர் கைதான். அவர் வார்டுக்குள் வந்தால் நோயாளிகளின் வீட்டு ஆட்கள் எழுந்து நிற்பார்கள்.

மறுபடி தைக்கப்பட வேண்டிய பெண்ணின் பெயர் தனம். பக்கத்தில் பெருநகர் என்ற ஊரில் பிறந்து மாகறலில் வாழ்க்கைப்பட்டவள், தலைப்பிரசவம். பிரசவமாகி மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குழந்தை கிடந்து சிணுங்கியது. தனத்தைப் பார்த்ததும் எனக்குப் புண்ணைவிட அவள் முகம்தான் கண்ணில் பட்டது. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, நாலு நாள் காய்ச்சலில் கிடந்தவள்போல் இருந்தாள். காய்ச்சல் லேசாகத்தான் இருந்தது. மற்றதெல்லாம் பட்டினி.

சீழ் பிடித்த புண்ணுக்குப் பருப்பு ஆகாது, காய் ஆகாது, மீன் ஆகவே ஆகாது என்று அங்கே ஒரு பத்தியம் உண்டு. கஞ்சியும் சுட்ட பூண்டும்தான் தனத்துக்குச் சாப்பாடு. சரோஜா எவ்வளவு கத்தியும் கேட்கவில்லை. இதில் மாமியார் வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பத்தியம் இருந்தும் ஆறவில்லை என்றால் யாரோ திருட்டுத்தனமாகப் பருப்புச் சோறு கொடுத்திருக்கிறார்கள், அது பெற்றவள்தான் என்று வார்டு நடுவில் நின்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். புண் ஆறினால் மாகறலுக்கு வரட்டும், இல்லாவிட்டால் அம்மா வீட்டிலேயே இருக்கட்டும் என்பது கடைசிப் பேச்சு. தனத்தின் புருஷன் வாயே திறக்கவில்லையாம். எனக்கு அவனை நினைத்துத்தான் அதிகம் எரிந்தது.

தனத்தின் அம்மா பவுனம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். பெருநகரில் சொந்த நிலத்தில் கொஞ்சம் நெல் விளைவிக்கிற குடும்பம். என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, கேட்காமலே சொன்னார்.

“நாந்தாம்மா குடுத்தேன். பருப்புச் சோறு ஒரு வாய் குடுத்துட்டேன்.”

“எப்போ கொடுத்தீங்க?”

“எப்பவோ ஒரு நாளு குடுத்தேன்னு வெச்சிக்கோங்களேன்.”

நான் முறைத்தேன். தனம் தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டு அவர் குரலைத் தாழ்த்தினார். “நான் குடுக்கலன்னா, எம் பொண்ணே திருடித் துன்னுச்சும்பாங்கம்மா. நாளைக்கு அந்த வூட்ல அது வாழ வோணாமா? என்னிய சொல்லிட்டுப் போட்டும்.”

கொடுக்காத சோற்றுக்குப் பழியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சரோஜா மறுநாள் சனிக்கிழமை தைப்பதாக நாள் வைத்திருந்தாள். அதற்குள் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

போன நேரத்துக்கு மின்சாரம் இல்லை. மைக்ராஸ்கோப்பின் விளக்கு வெறும் அலங்காரமாக நின்றது. நல்லவேளையாக அது வெளிச்சத்தை மேலே திருப்ப அடியில் கண்ணாடி வைத்த பழைய வகை. தாழ்வாரத்தில் மேஜை போட்டு, வெயிலைக் கண்ணாடியில் வாங்கினேன். நேர் வெயில் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதால் நடுவில் ஒரு எண்ணெய்த் தாளைத் தொங்கவிட்டேன். இதற்கெல்லாம் ஓடி ஓடி உதவியவர் ஏகாம்பரம்தான்.

முதலில் தனத்தின் சீழ். உப்புக் கரைசல் ஒரு துளியில் கலந்து வைத்ததும் இருட்டில் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன. அது எதிர்பார்த்ததுதான். அடுத்து கிணற்றுத் தண்ணீர், கொதிக்க வைத்த தண்ணீர், கை கழுவிய தண்ணீர், பஞ்சைப் பிழிந்த தண்ணீர். எதிலும் அந்தப் பாய்ச்சல் இல்லை. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எனக்குப் பசி வந்தால் கோபமும் கூடவே வரும். கண்ணாடித் தகட்டைத் துடைக்க ஏதாவது கொடுங்கள் என்று சிடுசிடுத்தேன். ஏகாம்பரம் பஞ்சில் லோஷனைத் தொட்டு நீட்டினார். துடைத்துவிட்டு, தகடு சுத்தமா என்று பார்க்க வெறும் உப்புக் கரைசலை ஒரு துளி விட்டுக் கண்ணை வைத்தேன்.

இரண்டு வெள்ளைக் கோடுகள் ஓடின.

உப்புக் கரைசலில்தான் கோளாறோ என்று புதுத் தகட்டில் அதே கரைசலை வைத்தேன். ஒன்றுமில்லை. அப்புறம் லோஷனையே ஒரு துளி எடுத்து வைத்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், திருவிழாக் கூட்டம். கிருமியைக் கொல்ல வேண்டிய தண்ணீருக்குள் கிருமிகள் விளையாடிக்கொண்டிருந்தன.

இதில் ஏமாறுவது சுலபம். செத்த கிருமியும் தண்ணீரில் நின்ற இடத்தில் நடுங்கும், துளி சாய்ந்தால் எல்லாம் ஒரே பக்கமாக மிதந்து போகும். ஆனால் இவை ஒன்று கிழக்கே போனால் ஒன்று மேற்கே போயின, மோதிக்கொண்டு திரும்பின. சந்தேகத்துக்கு ஓரத்தில், எந்தக் கிருமியையும் கொன்றுவிடும் ஃபார்மலின் ஒரு சொட்டு விட்டேன். அது பரவப் பரவ ஓட்டம் நின்று, வெறும் நடுக்கம் மட்டும் மிஞ்சியது. அதுவரை ஓடியது உயிர்தான்.

சரோஜாவைக் கூப்பிட்டு, புதுத் துளி ஒன்று வைத்துக் காட்டினேன். பார்த்தவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “இதை ஊத்தித்தான் தினம் ரெண்டு வேளை கழுவறோம்” என்றாள். ஏகாம்பரமும் குனிந்து பார்த்தார்.

“உள்ள இன்னாமோ ஓடிக்கினு கீதுங்களே மேடம்.”

“அதுதான் தனத்தோட வயித்துல இருக்கிறது.”

அவர் நிமிரவே இல்லை. லோஷன் கலக்கும் விதத்தைக் கேட்டேன். அளவு சரி, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர், கை சுத்தம், எல்லாம் சரி. அலமாரியில் பெரிய கண்ணாடி ஜாடி, கார்க் மூடி, கழுத்துவரை லோஷன். தினமும் காலையில் குறைந்த அளவுக்குப் புதிதாகக் கலந்து ஊற்றி நிரப்பிவிடுவாராம்.

“கடைசியா ஜாடியைக் காலி பண்ணிக் கழுவினது எப்போ?”

“காலியா?” அவர் திடுக்கிட்டுப்போனார். “காலி பண்ணுவாங்களா மேடம்? வூட்ல அரிசிப் பானய வயிச்சுட்டு வெப்பமா? உப்பு ஜாடிய தொடச்சு வெப்பமா? கொஞ்சம் கீய இருக்க சொல்லவே மேல ஊத்திடணும். மருந்து வெக்கிற எடம் நெறவா இருக்கணுங்க. எனக்கு முன்னால இருந்தவரு அப்டித்தான் எங்கிட்ட குடுத்தாரு.”

அவரிடம் ஜாடி வந்ததிலிருந்து ஒரு முறைகூட அது காலியானதில்லை. வீட்டில் நாம் எல்லோரும் செய்கிற காரியம்தான். அரிசி தீரும் முன்பே வாங்கிக் கொட்டிவிடுவோம், உப்பு இல்லை என்று வாயால் சொல்லக்கூட மாட்டோம். அந்த மனசோடு அவர் மருந்தையும் பார்த்துக்கொண்டார். “தயிருக்கு உறை விடுற மாதிரிங்க” என்றேன். “அடியில கொஞ்சம் பழசு நிக்குது. லோஷனுக்குப் பழகிப்போன கிருமி அதுல, கார்க்குல தங்கிடுது. புதுசா ஊத்துறது எல்லாம் அதுக்குத் தீனி.” அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்ததும் முகம் செத்துப்போனது. எங்கள் ஆய்வகத்தில் அது வளராமல் போனதற்கும் காரணம் அப்புறம்தான் தெரிந்தது. கிருமியோடு கூடவே லோஷனும் கிருமி வளர்க்கும் தட்டில் விழுந்து, அதை வளரவிடாமல் அமுக்கி வைத்திருக்கிறது.

“இப்பவே கொண்டுபோய்க் கொட்டுங்க” என்றாள் சரோஜா.

ஏகாம்பரம் ஜாடியைத் தொட்டார், தூக்கவில்லை. “டாக்டரம்மா, இன்னிக்கு ஆடி வெள்ளி. நெறஞ்ச ஜாடிய இன்னிக்கா கவுக்கறது? வெளக்கு வெக்கிற நேரம் வேற வருது.”

சரோஜா வெடித்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. பெண்ணின் வயிறு புண்ணாகக் கிடக்கும்போது வெள்ளி என்ன செவ்வாய் என்ன என்று கண்டபடி கத்தினேன். அவர் “அரமணி நேரம் குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையல் கட்டுக்குப் போனார். அங்கிருந்து ஒரு பெரிய பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து கொதிநீரில் அலசினார். புதிதாக லோஷன் கலந்து, விளிம்புவரை நிரப்பி, வேகவைத்த துணியால் மூடி அலமாரியில் வைத்தார். வைத்துவிட்டு ஒரு கணம் கைகூப்பினார்.

“இப்போ அலமாரி நெறஞ்சு கீது. இனிமே அத்த கவுக்கலாம்” என்றார். பழைய ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டுச் சாக்கடையில் கொட்டி, கார்க்கை அடுப்பில் போட்டு, ஜாடியை வெந்நீரில் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கத்தியதற்கு எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால் அவர் வழி எங்கள் உத்தரவைவிட நல்ல வழி. ஒன்றை நிரப்பி வைத்த பிறகே மற்றதைக் காலி செய்வது என்றால், மேலே மேலே ஊற்ற வேண்டிய அவசியமே யாருக்கும் வராது. அன்றிலிருந்து அந்த வார்டில் இரண்டு ஜாடிகள், ஒரு நாள் ஒன்று, மறுநாள் மற்றது என்றாயிற்று.

சாயங்காலம் பவுனம்மாவிடம் போய்ச் சொன்னேன். பருப்பும் இல்லை, காயும் இல்லை, கழுவுகிற மருந்தில் கிருமி இருந்தது, சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. நிம்மதியாவார் என்று நினைத்தேன். அவர் தனத்தின் பக்கம் திரும்பினார்.

“அப்போ எம் பொண்ணு இத்தினி நாளு சொம்மாவா பட்டினி கெடந்துச்சு?”

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு சரோஜா முட்டையும் பருப்புச் சோறும் எழுதிக்கொடுத்தாள். தனம் பயந்து பயந்து முதல் வாயை வாங்கினாள், அப்புறம் தட்டை அம்மாவிடமிருந்து பிடுங்கித் தானே சாப்பிட்டாள். தையலைச் சரோஜா ஒரு வாரம் தள்ளிப்போட்டாள். அதுவரை கொதித்து ஆறிய உப்புத் தண்ணீர் மட்டும்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு முன் நேரம் இருந்ததால் கல்வெட்டுப் பார்த்தேன். ஆகவே நீங்கள் கேட்டவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல மனசு வராது. கல்வெட்டு வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவர்களில் இருக்கிறது. பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். காலை ஒன்பது மணிக்குள் போங்கள், சாய்ந்த வெயிலில்தான் எழுத்து எடுப்பாகத் தெரியும், உச்சி வெயிலில் வெறும் கல். சுந்தர வரதராஜப் பெருமாள் கோயில் மூன்று நிலையாக ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியது, மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். மொத்தம் மூன்று மணி நேரம் போதும். சென்னையிலிருந்து செங்கல்பட்டு வரை ரயில், அங்கிருந்து பஸ் என்றாலும் வசதிதான், செங்கல்பட்டிலிருந்தும் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். ஏரியைப் பார்க்க ஆசை இருந்தால் ஆடியில் போகாதீர்கள், மழை முடிந்து தையில் போங்கள். தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள், அதைத் தினமும் காலி செய்து கழுவுங்கள், பாதி இருக்கும்போது மேலே ஊற்றாதீர்கள்.

நாலு வாரம் கழித்து மறுபடி போனேன். இரண்டு ஜாடிகளின் லோஷனையும் ஈரத் துளியில் பார்த்துவிட வேண்டும் என்று சரோஜாவுக்குப் பிடிவாதம். அன்றுதான் தனம் வீட்டுக்குப் போகும் நாள் என்பது எனக்குத் தெரியாது. தையல் பிரித்து, புண் ஆறி, ஒரு கோடாகத் தெரிந்தது. கன்னத்தில் சதை வந்திருந்தது. மாமியாரும் வந்திருந்தார், காதில் பெரிய கம்மல், நிமிர்ந்த நடை. ஆறிவிட்டதே என்று சந்தோஷம்தான், ஆனால் வாய் நிற்கவில்லை.

“பாத்தியா, கண்டதயும் குடுக்காம இருந்தா புண்ணு தன்னால ஆறிடுது” என்றார் பவுனம்மாவைப் பார்த்து.

பவுனம்மா என்னிடம் ஓடி வந்தார். “மேடம், அன்னிக்குப் பாத்தீங்களே, அத்த இவுங்களுக்கு அந்தக் கண்ணாடில காட்டுங்க. ஓடுமாமே, அத்த காட்டுங்க.”

நான் அப்போதுதான் இரண்டாவது ஜாடியின் துளியை வைத்திருந்தேன். மாமியார் குனிந்து ஒரு கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஒண்ணும் கெடயாதே. கம்முனு இருட்டா கீது.”

ஒன்றும் இல்லைதான். ஜாடி சுத்தமாகிவிட்டது. தனத்தின் புண்ணில் சீழும் இல்லை. சாயம் போட்ட தகடு என்றால் வருஷக் கணக்கில் பெட்டியில் வைத்திருந்து எடுத்துக் காட்டலாம். உயிரோடு பார்த்ததைப் பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நான் சொன்னேன், சரோஜாவும் சொன்னாள். மாமியார் இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தார். படித்த பொம்பளைகள் பெற்றவளுக்காகப் பரிந்து பேசுகிறோம் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. பவுனம்மா கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். எனக்குக் கோபத்தில் அழுகை வந்தது.

மருந்து அறை வாசலில் நின்றிருந்த ஏகாம்பரம் தாழ்வாரத்துக்கு வந்தார். வார்டு ஆட்கள் எழுந்து நின்றார்கள், மாமியாரும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அது எங்கிட்ட இருந்துச்சும்மா” என்றார். “என் ஜாடில. நான் கலந்த தண்ணிய ஊத்தித்தான் உங்க மருமவளுக்குத் தெனம் கயுவினாங்க. அது ஓடிக்கினு இருந்தத நானே பாத்தேன். இந்தம்மா பருப்பும் குடுக்கல, ஒண்ணும் குடுக்கல. தப்பு என்னுது.”

எத்தனை வருஷ மரியாதையை அந்த மனிதர் எல்லோர் முன்னாலும் கழற்றி வைத்தார் என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும்.

மாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நீங்களே சொன்னா சரிதான் கம்பவுண்டரே” என்றார். பிறகு துணிப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினார். “சம்மந்தி, நீங்களும் மாகறலுக்கு வாங்க. சோறு துன்னுட்டு அப்பால ஊருக்குப் போலாம். பஸ்ஸு வந்துரும்.”

பவுனம்மா நகரவில்லை. குழந்தை அவர் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. தனம் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தாள், போதும் வா என்று. அவர் அசையவே இல்லை.

“வரேன் சம்மந்தி. மொதல்ல நான் குடுக்கலன்னு உங்க வாயால சொல்லுங்க.”

சரோஜா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பஸ் ஹாரன் கேட்டது. மாமியார் தரையைப் பார்த்தார், ஏகாம்பரத்தைப் பார்த்தார், கடைசியில் பவுனம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

“நீ குடுக்கல” என்றார்.

“தோ, வரேன்” என்று பவுனம்மா குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.